கார் என்ஜின் ஹீட் ஆகிறதா? மதுரைப் பக்கம் கார் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கத்திரி வெயிலில் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரி தொடுகிறது. அந்த வெயிலில் ஏசி போட்டுக் கொண்டு கோரிப்பாளையம் சிக்னலில் நின்றாலும் சூடேறாத அளவுக்குத்தான் கார்களின் கூலிங் சிஸ்டத்தைச் செய்கிறார்கள். அதனால் "வெயில்ல எல்லா வண்டியும் ஹீட் ஆகத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹீட் ஆனால் எங்கோ பழுது இருக்கிறது. பெரும்பாலும் அது சின்னப் பழுதாக, வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கக் கூடியதாகத்தான் இருக்கும். அதைக் கவனிக்காமல் இன்னும் 10 கிலோமீட்டர் ஓட்டினால்தான் பெரிய செலவாகிறது.

எத்தனை டிகிரி வரை சரி?

சூடான என்ஜினில் கூலன்ட் (என்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர வைக்கும் திரவம்) பொதுவாக 85 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். ஃபேன் ஓடும் நேரத்தைப் பொறுத்து இந்த எல்லைக்குள் ஏறி இறங்குவது இயல்பு. 105-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 110-ஐத் தாண்டினால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும்.

இப்போது வரும் பல சின்ன கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அதிகம் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரியும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறிப் போயிருக்கும். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, என்ஜின் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. அதில் ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட் சூட்டை போனிலேயே டிகிரிக் கணக்கில் பார்க்கலாம். ஹீட் தொந்தரவு இருக்கும் காருக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து. யூகத்தில் பார்ட்ஸ் மாற்றுவதை இது தடுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் மேலே போகிறது. உடனே என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரையும் முழு வேகத்தில் விடுங்கள். உள்ளே வெந்துபோகும்தான். ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர், என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். நெரிசலில் நின்றுகொண்டிருந்தால் நியூட்ரலில் 1500 முதல் 2000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பிடியுங்கள், வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும். ஓரிரு நிமிடத்தில் முள் இறங்கவில்லை என்றாலோ, ஆவி கிளம்பினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று வந்து, அதோடு முள்ளும் கீழே விழுந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கூலன்ட் முழுதும் கொட்டிப்போய், சென்சார் வெறும் காற்றை அளந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்? பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா?

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பைப்பைக் கையால் நிதானமாகப் பிடித்திருக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான். மதுரை வெயிலில் இதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடான திரவம் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அது கொதித்து முகத்துக்கு நேராகப் பீறிடும். ஆறிய பிறகும் தடித்த துணியைப் போட்டு, பாதித் திருகில் நிறுத்தி, சீற்றம் அடங்கிய பிறகே முழுதும் திறங்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகவே ஓடத் தொடங்கலாம், அதனால் விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சூடான என்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளலாம், விரிசலும் விடலாம். ஆறிய பிறகு, அவசரத்துக்குக் கேன் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். பிறகு அதை இறக்கிவிட்டுச் சரியான கலவையை நிரப்ப வேண்டும்.

எங்கே பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த நேரத்தில் ஹீட் ஆகிறது என்று பாருங்கள். அதுவே பாதி விடை.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன் பக்கம்தான் பழுது. சித்திரைத் திருவிழா நெரிசலில் தல்லாகுளத்தில் நிற்கும்போது ஏறிய முள், ரிங் ரோட்டில் ஏறியதும் இறங்குகிறதென்றால் வேறு எதையும் தொடாமல் ஃபேனைப் பாருங்கள்.

ஊருக்குள் சரியாக இருக்கிறது, திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் 100-ல் போகும்போதோ மலையேறும்போதோ ஹீட் ஆகிறது என்றால் ஃபேன் மேல் குற்றமில்லை. அந்த வேகத்தில் காற்று தானாகவே அடிக்கிறது. ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கலாம், வெளியே தூசு அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பாதி மட்டும் திறக்கலாம், வாட்டர் பம்ப் பலவீனமாகியிருக்கலாம், கீழ் ஹோஸ் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் கீழ் ஹோஸைக் கவனித்தால் தெரிந்துவிடும். பம்ப் உறிஞ்சும்போது பழைய ரப்பர் சப்பையாகிவிடும்.

காலையில் எடுத்த 5, 10 நிமிடத்துக்குள்ளேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், கூலன்ட் மிகக் குறைந்திருக்கலாம், அல்லது ஏர் லாக் (கூலன்ட் வழியில் காற்று அடைபடுவது). சாவி போட்ட கணத்திலேயே முள் சிவப்புக்குப் பாய்ந்தால் அது சூடே இல்லை, சென்சார் அல்லது வயரிங் கோளாறு.

ஃபேன் நல்லா இருக்கா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். என்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால், ஏசியை அணைத்துவிட்டு என்ஜினை ஐட்லிங்கில் விடுங்கள். 95 முதல் 100 டிகிரி பக்கம் வரும்போது தானாக ஓடி, கொஞ்சம் இறங்கியதும் நிற்க வேண்டும். ஏசிக்கு மட்டும் ஓடி, சூட்டுக்கு ஓடவில்லை என்றால் மோட்டார் நல்ல மோட்டார். சென்சாரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள்.

எதற்குமே ஓடவில்லை என்றால் பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். ஃபேன் ஃபியூஸ் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். அது சரியாக இருந்தால் ஃபேன் ரிலேயை (ஃபேனுக்கு மின்சாரம் விடும் குட்டி சுவிட்ச்) கழற்றி, அதே எண் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹார்ன் ரிலே பல கார்களில் இதற்குப் பொருந்தும். அதற்கும் ஓடவில்லையா? ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். மெல்லிய வயர் உருகிவிடும். ஓடினால் வயரிங் கோளாறு, ஓடாவிட்டால் மோட்டார் போய்விட்டது. தட்டினால் ஓடி, பிறகு நின்றுவிடும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் ஹீட் ஆகிறது என்றால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியவர் வயரைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும் காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டில் நழுவும்.

பழைய டீசல் ஜீப் வகை வண்டிகளில் ஃபேன் என்ஜினோடு சேர்ந்தே சுற்றும், நடுவில் சிலிகான் எண்ணெய் நிரப்பிய கப்ளிங் இருக்கும். நன்றாகச் சூடான என்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கனமாக இருந்து உடனே நின்றால் நல்லது. தடையில்லாமல் பல சுற்று ஓடினால் கப்ளிங் போய்விட்டது.

ரேடியேட்டர் மூடிக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

ஆமாம். பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. பாதித் தண்ணீர், பாதி கூலன்ட் கலவை திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. கலவை முன்னதாகவே கொதித்து, பக்கத்தில் இருக்கும் கூலன்ட் டப்பா வழியாகக் கொட்டிவிடும்.

மூடியில் 0.9, 1.1 என்று எண் பொறித்திருக்கும். அதே எண்ணில்தான் வாங்க வேண்டும். கூடுதல் அழுத்தம் நல்லது என்று பெரிய எண்ணைப் போட்டால் பழைய ஹோஸ் எங்காவது பிய்யும். மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. என்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே விடுவது அதுதான். காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பையாகக் கிடந்தாலோ, டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தாலோ அந்த வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது டப்பாவுக்குப் போகும் குழாய் அடைத்தோ கீறியோ இருக்கிறது. சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம் இது. சந்தேகம் வந்தால் மூடியை மாற்றிவிட்டே மற்றதைப் பாருங்கள்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விட்ருங்க, நம்ம ஊருக்குத் தேவையில்ல" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

வேண்டாம். ஊரெங்கும் கேட்கிற அறிவுரை இது, தவறான அறிவுரை. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நெடுநேரம் ஆகும். என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசியூ (என்ஜினின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றி, ஹீட் இன்னும் கூடும். கழற்றியதும் சூடு குறைந்ததென்றால், தெர்மோஸ்டாட் பழுது அல்லது ரேடியேட்டர் பாதி அடைப்பு என்று கண்டுபிடித்தாயிற்று, அவ்வளவுதான். புதிதாக ஒன்று மாட்டுங்கள்.

சோதிப்பது எளிது. சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். தெர்மாமீட்டரில் அந்த எண் வரும்போது திறக்கத் தொடங்க வேண்டும், இன்னும் 10 முதல் 15 டிகிரி கூடும்போது முழுதும் திறந்திருக்க வேண்டும். ஆறினால் முழுதாக மூட வேண்டும். மாட்டும்போது சின்னக் காற்றுத் துளை மேல்பக்கம் வரட்டும், கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றினால் என்ன?

போர் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் நிலத்தடி நீர் கடின நீர். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் சுண்ணாம்பாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவம் சூட்டை வெளியே விடாது. குளோரைடு உப்போ அலுமினியத்தையே அரிக்கும். மாநகராட்சித் தண்ணீரும் இதற்கு மாற்று இல்லை. பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. சின்ன காருக்கு மொத்தமே 4, 5 லிட்டர்தான் பிடிக்கும், பெரிய டீசல் எஸ்யூவிக்கு 7 முதல் 10 லிட்டர். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

"நம்ம ஊர்ல பனி உறையாது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வியும் வருகிறது. கொதிநிலையை ஏற்றுவதற்கும், துருவையும் அரிப்பையும் தடுப்பதற்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் துருத் தடுப்பு போதாது. 60 சதவீதத்துக்கு மேல் போனால் சூடு கடத்தும் திறன் குறையும். பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். கேனில் ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்க வேண்டாம். நிறத்தை நம்பி வாங்காதீர்கள், கார் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். வேறு வகைகளைக் கலந்தால் கூழாகிவிடும் ஆபத்து உண்டு.

ஃப்ளஷ் செய்து புதுக் கூலன்ட் ஊற்றும் முறையைச் சொல்லுங்கள்.

காலையில், முழுதும் ஆறிய வண்டியில் செய்யுங்கள். அடியில் அகலமான பேசின் வைத்து ரேடியேட்டர் டிரெயினைத் திறந்து, பிறகு மூடியைக் கழற்றுங்கள். டிரெயின் இல்லாவிட்டால் கீழ் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தலாம். வடிந்ததும் டிரெயினை மூடிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ரேடியேட்டர் மூடியைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை என்ஜினை விடுங்கள். ஆறவிட்டு மறுபடி இறக்குங்கள். தண்ணீர் தெளிவாக வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். துரு அதிகம் என்றால் முதல் சுற்றில் ஃப்ளஷ் திரவம் சேர்க்கலாம், அந்தத் திரவத்தின் டப்பாவில் அச்சிட்ட நேரத்துக்கு மேல் விடாதீர்கள். மிகப் பழைய ரேடியேட்டரில் ஊசித் துளைகளை அடைத்து வைத்திருப்பதே அந்தப் படிவமாக இருக்கும். ஃப்ளஷ் செய்தபின் ஒழுகினால் அதுதான் காரணம்.

இனி முக்கியமான இடம். ரேடியேட்டரை இறக்கினாலும் என்ஜின் பிளாக்குக்குள் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் பாதிக்குப் பாதி கலவையை ஊற்றினால் மொத்தக் கலவை நீர்த்துப்போகும். அதனால் 5 லிட்டர் பிடிக்கும் காருக்கு முதலில் 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத) கூலன்டைத் தனியாக ஊற்றுங்கள், மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். ரெடி மிக்ஸ் ஊற்றுவதாக இருந்தால் பிளாக்கில் உள்ள டிரெயின் போல்ட்டையும் கழற்றியாக வேண்டும்.

நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்றாவிட்டால் ஏர் லாக் ஆகி மறுநாளே ஹீட் ஆகும். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, காற்றை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூ இருந்தால் தளர்த்தி, மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள், மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்து, மேல் ஹோஸ் சூடானதும் மூடியைப் போடலாம். ஃபேன் ஓடும் வரை திறந்து வைத்தால் கொதித்து வழியும், அதற்கு முன்பே மூடிவிடுங்கள். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டம் பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள்.

ரேடியேட்டரை வெளியே எப்படிக் கழுவுவது?

ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்பதால், முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில்தான் வைக்கோல் தூசும் பூச்சியும் மெத்தை போலப் படிந்திருக்கும். அறுவடைக் காலத்தில் மேலூர், சோழவந்தான் பக்கம் ஓடும் வண்டிகளில் பாருங்கள், கல்குவாரிச் சாலையில் போகும் வண்டிகளிலும் பாருங்கள். ஆறிய என்ஜினில், என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸால் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடைப் பிரஷரை அருகில் அடித்தால் ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

கல்யாணக் காருக்கு முன்னால் பூ அலங்காரம் செய்யும்போது கிரில்லை மூடிவிடாதீர்கள். ஊர்வலம் நடை வேகத்தில் போகும், ஏசியும் ஓடும், காற்று புகவே வழி இருக்காது. முன்னால் பேனர் கட்டுவதும் அப்படித்தான்.

மஞ்சள் தூள் போட்டால் ரேடியேட்டர் லீக் நிற்குமாமே?

ஊசித் துளை என்றால் கொஞ்ச தூரம் நிற்கும். அதே தூள் ஹீட்டர் குழாயையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் மட்டும், வீடு வந்ததும் ஃப்ளஷ் செய்வதாக இருந்தால் மட்டும்.

கூலன்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

முதலில் வாட்டர் பம்ப்பைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள் சீல் தேய்ந்தால் அந்த வழியாகக் கசிந்து, என்ஜின் சூட்டில் உலர்ந்து, வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ கோடு விட்டிருக்கும். புல்லியை ஆட்டினால் ஆடக் கூடாது, உறுமல் சத்தமும் வரக் கூடாது. டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால், பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிடுவது லாபம். காருக்குள் கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்து, இனிப்பான வாடை வந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

இவை எதுவும் இல்லை என்றால் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆறிய என்ஜினில் ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். காற்றுக் குமிழி சில நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் வருகிறது. மூடி போட்ட நிலையில், காலை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல் இறுகினாலும் அதே பொருள்தான். சூடான பிறகும் சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, டிப்ஸ்டிக்கில் காபி நிறக் கூழ், பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவியது போல் சுத்தம் ஆகியவை மற்ற அடையாளங்கள். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் லேசான வெண்படலம் என்றால் பதறாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் அது வரும்.

உறுதியாகத் தெரிய பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து ஆவியை இழுப்பார்கள், புகை வாயு இருந்தால் மஞ்சளாக மாறும். இதற்குமேல் வீட்டு வேலை இல்லை. ஆனால் ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். ஹீட்டான ஹெட் கோணியிருக்கும். நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து அளந்து, பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் அந்த எல்லையைத் தாண்டினால் லேத்தில் ஃபேஸிங் கொடுக்க வேண்டும். விரிசல் சோதனையும் தேவை. இழுபட்டு இறுகும் வகை ஹெட் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

கொடைக்கானல் ஏறும்போது மட்டும் ஹீட் ஆகிறது. ஓட்டும் முறையில் தவறா?

ஓட்டும் முறையும் காரணமாக இருக்கலாம், வண்டியில் பழுதும் இருக்கலாம். வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சிலர் மைலேஜுக்காக மூன்றாவது, நான்காவது கியரிலேயே என்ஜினைத் திணறடிக்கிறார்கள். சுமை அதிகம், பம்ப் வேகமும் குறைவு, காற்றும் குறைவு. ஒரு கியர் குறைத்து 2500 முதல் 3000 ஆர்பிஎம்மில் ஏறுங்கள். செங்குத்தான இடத்தில் ஏசியை அணைத்தால் கண்டென்சர் சூடு ரேடியேட்டருக்கு வராது. ஏறி நின்றதும் சட்டென்று அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். இவ்வளவு செய்தும் சிறுமலையிலும் குமுளி மலைப்பாதையிலும் இதே கதை என்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் உள் அடைப்பாகத்தான் இருக்கும். ஃப்ளஷ் பலிக்காவிட்டால் ரேடியேட்டரையே மாற்றுங்கள்.

இறக்கிய பழைய கூலன்டை எங்கே கொட்டுவது?

வாசலிலும் சாக்கடையிலும் கண்மாய்க் கரையிலும் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் மாடும் நக்கிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. பேசினை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே "விஷம்" என்று எழுதி, பழைய என்ஜின் ஆயிலை முறையாகச் சேகரித்து அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனாகவே இருக்கட்டும். தரையில் சிந்தியதன் மேல் மணலைப் போட்டு அள்ளிவிட்டு, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.